சி.எஸ்.ஆர். வாங்கினீர்களா?

மழை விட்ட ஒரு சாயங்காலம். ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கி நாலு எட்டு நடந்த பிறகுதான் தோளில் பை இல்லை என்பது உறைத்தது. பணம் பெரிதாக இல்லை. லைசென்ஸ், வண்டியின் ஆர்.சி., வங்கி அட்டை இரண்டு, அம்மாவின் ஓய்வூதியப் புத்தகம். கடைசியாகச் சொன்னதுதான் வயிற்றைக் கலக்கியது.

பக்கத்திலிருந்த காவல் நிலையத்துக்குப் போனேன். பாராவில் நின்ற பெண் காவலர் உள்ளே கையைக் காட்டினார். ரைட்டர் மேஜைக்கு முன்னால் ஏற்கெனவே நான்கு பேர். என் முறை வந்ததும், என்ன தொலைந்தது என்று கேட்பதற்கு முன்பே, "எங்க தொலைஞ்சது?" என்றார் ரைட்டர். பாலத்தடியில் என்றேன். "பாலத்துக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?" அந்தப் பக்கம் என்றதும் அவர் முகத்தில் ஒரு நிம்மதி படர்ந்தது. "அது எங்க லிமிட் இல்ல சார்."

பாலத்தைத் தாண்டி அடுத்த நிலையத்துக்கு நடந்தேன். அங்கே ஓய்வுபெறும் வயதை நெருங்கிய ஏட்டய்யா ஒருவர், நான் சொல்லச் சொல்ல எழுதி, நாற்பது நிமிடத்தில் ஒரு சிறிய ரசீதைக் கிழித்துக் கொடுத்தார். "பத்திரமா வெச்சுக்குங்க, டூப்ளிகேட் வாங்க இதுதான் வேணும்." ரசீதின் தலையில் மூன்று எழுத்து: சி.எஸ்.ஆர்.

தமிழ்நாட்டில் காவல் நிலையப் படியை ஒருமுறையாவது மிதித்தவர்களுக்கு இந்த மூன்றெழுத்து தெரியும். எஃப்.ஐ.ஆர். போடவில்லை, ஆனால் உங்கள் புகாரை வாங்கிக்கொண்டோம் என்பதற்கான எண்ணிட்ட சீட்டு. அதன் விரிவு என்ன என்று கேட்டால் பெரும்பாலானவர்கள் விழிப்பார்கள். கம்யூனிட்டி சர்வீஸ் ரெஜிஸ்டர். அதாவது, சமுதாயப் பணிப் பதிவேடு. பக்கத்து வீட்டுக்காரர் சுவரை ஏற்றிக் கட்டுகிறார், குடியிருப்பவர் வீட்டைக் காலி செய்ய மறுக்கிறார், வாங்கிய கடனைத் திருப்பித் தரவில்லை, மகன் குடித்துவிட்டு வந்து கை ஓங்குகிறான் என்று நகரத்தின் எல்லா மனக்குறையும் முதலில் வந்து உட்காருவது இந்தப் பதிவேட்டில்தான். சென்னைக் காவல்துறை ஆண்டுதோறும் அழகழகான தமிழ்ப் பெயர்களோடு சமுதாயத் திட்டங்களைத் தொடங்குகிறது. அவற்றைப் பற்றிப் பேச உட்காரும்போதெல்லாம், எந்த விழாவும் இல்லாமல் நிலைய மேஜையில் கிடக்கும் இந்தப் பழைய பதிவேடுதான் எனக்கு முதலில் கண்ணில் படுகிறது.

எழுத்தும் எண்ணும்

டி1 திருவல்லிக்கேணி. இ1 மயிலாப்பூர். ஆர்1 மாம்பலம். ஜே2 அடையாறு. சென்னைக்காரர்களுக்கு இது ஒரு தனி அகராதி. பஸ் நம்பரைப் போல ஸ்டேஷன் நம்பரும் நாக்கில் நிற்கும். சரகத்துக்கு ஒரு எழுத்து, அதற்குள் நிலையத்துக்கு ஒரு எண். நிலையங்களுக்கு மேலே உதவி ஆணையர். அவருக்கு மேலே காவல் மாவட்டத்தைப் பார்க்கும் துணை ஆணையர். பிறகு இணை ஆணையர், கூடுதல் ஆணையர். உச்சியில் வேப்பேரியில் ஆணையர். ஒரே கட்டடத்துக்குள்ளும் பிரிவினை உண்டு. சட்டம் ஒழுங்குக்கு ஓர் ஆய்வாளர், குற்றத்துக்கு ஓர் ஆய்வாளர், போக்குவரத்துக்கு இன்னொருவர். சங்கிலி பறிபோனால் பார்க்க வேண்டியவர் வேறு, தெருச் சண்டைக்குப் பார்க்க வேண்டியவர் வேறு. "குற்றப்பிரிவு ஐயா ரவுண்ட்ஸ் போயிருக்கார்" என்ற பதிலைக் கேட்டு பெஞ்சில் உட்கார்ந்தவர்களுக்கு இந்த நிர்வாகப் பாடத்தை நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

எல்லைகளும் ஒரு நிலையில் இருப்பதில்லை. 2008ல் புறநகருக்கென்று தனி ஆணையரகம் உருவானது. 2011ல் அதை மறுபடி சென்னையோடு சேர்த்தார்கள். 2022 ஜனவரி முதல் ஆவடி, தாம்பரம் என்று இரண்டு புதிய ஆணையரகங்கள் பிரிந்துபோயின. சென்னைக்கு 104 நிலையங்கள் மிஞ்சின. மாநகராட்சியின் எல்லை வேறு, காவலின் எல்லை வேறு. அம்பத்தூர்க்காரர் சொத்து வரியைச் சென்னை மாநகராட்சிக்குக் கட்டுகிறார்; வீட்டில் திருடு போனால் அவர் ஆவடி ஆணையரகத்தின் குடிமகன். பிரித்ததில் நியாயம் இருக்கிறது. ஊர் அவ்வளவு பெருத்துவிட்டது. ஆனால் பை தொலைத்தவனுக்கு வரைபடம் தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதில் நியாயம் இல்லை.

சட்டமும் இப்போது அதைத்தான் சொல்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 173ஆவது பிரிவின்படி, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்த நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம். என்னுடையது தொலைந்த பைதானே, குற்றமில்லை என்று ரைட்டர் வாதாடலாம். ஆவணம் தொலைந்தால் தமிழ்நாடு காவல்துறையின் இணையச் சேவையிலேயே பதிவு செய்து சான்றை எடுத்துக்கொள்ளலாம், இத்தனை அலைச்சலே வேண்டாம். இந்த விவரத்தை அன்று இரண்டு நிலையங்களிலும் யாரும் எனக்குச் சொல்லவில்லை. பிறகு ஒரு பிரவுசிங் சென்டர்ப் பையன்தான் சொன்னான்.

பெத்த நாயக்கர் காலத்திலிருந்து

இந்த ஊரில் காவலின் கதை 1659ல் தொடங்குகிறது என்பார்கள். கோட்டைக்கு வெளியே இருந்த ஊரைக் காக்கக் கிழக்கிந்தியக் கம்பெனியார் அமர்த்திய காவல்காரர் பெத்த நாயக்கர். அவருடைய பெயரில் பெத்துநாயக்கன்பேட்டை இன்றும் இருக்கிறது. அந்தக் காலக் காவல் முறையில் ஒரு நிபந்தனை உண்டு: திருடு போன பொருளை மீட்க முடியாவிட்டால் காவல்காரரே ஈடுகட்ட வேண்டும். இதைப் படித்தபோது பாலத்தடியில் போன என் பையை நினைத்துக்கொண்டேன்.

18ஆம் நூற்றாண்டில் இங்கே போலீஸ் என்றால் பெரும்பாலும் சந்தைக் கண்காணிப்பு. அரிசி என்ன விலை, எடைக்கல் சரியா, தெருவில் குப்பை யார் போட்டது என்பதெல்லாம் அதில் அடக்கம். கொத்தவால் சாவடிக்குப் பெயர் கொடுத்த கொத்தவால் அந்த உலகத்து அதிகாரிதான். சட்டத்தரணி ஸ்டீபன் பாப்பம் நகரக் காவலுக்கு ஒரு திட்டம் எழுதிக் கொடுத்தார்; மக்கள் அவரை பிராட்வே சாலையோடு மட்டும் நினைவில் வைத்திருக்கிறார்கள். பெசன்ட் நகரில் நாம் சுண்டல் தின்னும் எலியட்ஸ் கடற்கரை, நகரின் தலைமை மாஜிஸ்திரேட்டாகவும் காவல் கண்காணிப்பாளராகவும் இருந்த எட்வர்ட் எலியட்டின் பெயரால் வழங்குவது. 1856ல் போல்டர்சன் முதல் ஆணையர் ஆனார். இந்தியர் ஒருவர், பராங்குசம் நாயுடு, அந்த நாற்காலிக்கு வர 1919 ஆனது. பெண் ஒருவர், லத்திகா சரண், வர 2006 ஆனது. எழும்பூர் பாந்தியன் சாலையில் ஆணையர் அலுவலகமாக இருந்த 1842ஆம் ஆண்டுக் கட்டடம் 2021ல் காவல் அருங்காட்சியகமாகிவிட்டது. பள்ளிக்கூடப் பிள்ளைகளை அழைத்துப் போகத் தகுந்த இடம்.

அருங்காட்சியகத்துக்குப் போகாத ஒரு பழம்பொருளும் உண்டு: 1888ஆம் ஆண்டின் மாநகரக் காவல் சட்டம். அது இன்றும் உயிரோடு வேலை செய்கிறது. அதன் 41ஆவது பிரிவின் கீழ்தான் ஆணையர் பதினைந்து நாட்களுக்குக் கூட்டம், ஊர்வலம், ஆர்ப்பாட்டங்களைக் கட்டுப்படுத்தி ஆணையிடுகிறார். பதினைந்து நாள் முடிந்ததும் அடுத்த ஆணை. சாதாரண மனிதர் ஒருவர் கோரிக்கை அட்டையைத் தூக்கிக்கொண்டு நிற்பதற்குக் கூட அனுமதி கேட்க வேண்டிய நகரம் இது என்பதை, "காவல்துறை உங்கள் நண்பன்" பலகையைப் பார்க்கும்போதெல்லாம் சேர்த்தே நினைக்க வேண்டியிருக்கிறது.

கிளைகள்

வேப்பேரிக் கட்டடத்துக்குள் இருக்கும் மத்தியக் குற்றப்பிரிவுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் பணத்தை இழந்தவர்கள். வேலை வாங்கித் தருவதாக ஏமாற்றியவர்கள், போலிப் பத்திரம் தயாரித்து மனையை விற்றவர்கள், சீட்டுக் கம்பெனி நடத்தி ஓடியவர்கள் எல்லோருக்கும் அங்கே தனித்தனிக் குழு. அதைத் தவிர நுண்ணறிவுப் பிரிவு, ஆயுதப்படை, மோப்ப நாய்ப் பிரிவு, புதுப்பேட்டையில் குதிரைப்படை. வார இறுதியில் மெரினா மணலில் குதிரைப்படை வந்தால் குழந்தைகள் பலூனை விட்டுவிட்டு அந்தப் பக்கம் ஓடுகின்றன. இந்தக் காவலின் எல்லாப் பிரிவுகளிலும் குழந்தைகள் தாமாக நெருங்கிப் போவது அதுவொன்றுதான் என்று நினைக்கிறேன்.

மகளிர் காவல் நிலையங்களைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். தமிழ்நாட்டில் பெண்கள் காவல் பணிக்கு வந்தது 1973ல். அதே ஆண்டில் இந்தியாவின் முதல் மகளிர் காவல் நிலையம் கோழிக்கோட்டில் திறந்தது. தமிழ்நாட்டின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் 1992ல் சென்னை ஆயிரம் விளக்கில் வந்தது. மாமியார் வீட்டில் நடந்ததை ஆண் அதிகாரியிடம் வாய் திறந்து சொல்ல முடியாத ஒரு தலைமுறைப் பெண்களுக்கு அது திறந்த கதவு. அதைக் குறைத்துச் சொல்லவே முடியாது.

ஆனால் அந்தக் கதவுக்குள் என்ன நடக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். மரத்தடியில் இரண்டு குடும்பமும் எதிரெதிரே நிற்கும். உள்ளே கவுன்சலிங். "புள்ளைங்க இருக்கு பாரும்மா, கொஞ்சம் அனுசரிச்சுப் போ." அடி வாங்கிய பெண்ணிடம் எழுதி வாங்கும் சமரசம் பல நேரம் அடித்தவனுக்குச் சாதகமாகத்தான் முடிகிறது. அந்தப் புகாரும் சி.எஸ்.ஆரில்தான் கிடக்கிறது, எஃப்.ஐ.ஆராக மாறுவதற்குள் கணவன் இன்னொரு முறை கை ஓங்கிவிடுகிறான். குற்றம் நடந்தது என்று தெரிவிக்கும் தகவல் வந்தால் வழக்குப் பதிவு கட்டாயம் என்று 2013ல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு சொன்னது. குடும்பத் தகராறு போன்ற சிலவற்றில் முதற்கட்ட விசாரணைக்கு அந்தத் தீர்ப்பே இடம் விட்டது. அந்தச் சின்னச் சந்தின் வழியாகத்தான் இத்தனை சமரசமும் நுழைகிறது.

பெயர்களின் ஊர்வலம்

இப்போது திட்டங்கள். மூன்றாவது கண், காவல் கரங்கள், சிற்பி, அவள், பந்தம். பெயர் வைப்பதில் காவல்துறைக்கு ஒரு கவிஞர் மனம் இருக்கிறது. சினிமாக்காரர்கள் கடன் வாங்கலாம். ஒவ்வொரு ஆணையர் வரும்போதும் ஒரு புதுப் பெயர் வருகிறது. அவர் மாறிப்போனால் அந்தப் பெயரை யார் தூக்கிச் சுமப்பது என்பதுதான் கேள்வி. பொதுமக்களையும் கடைக்காரர்களையும் கேமரா வைக்கச் சொன்ன மூன்றாவது கண் நிலைத்ததற்குக் காரணம், அதனால் காவலர்களுக்கே வேலை சுலபமானது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான சிற்பி 2022 செப்டம்பரில் 100 பள்ளிகளில், பள்ளிக்கு 50 பேராக எட்டாம் வகுப்பு மாணவர் 5,000 பேரோடு தொடங்கியது. தனியே வாழும் முதியோருக்கு பந்தம் 2023ல் வந்தது. குடிசைப் பகுதிகளில் கேரம் பலகையும் குத்துச்சண்டைக் கையுறையும் டியூஷனுமாக நடக்கும் சிறுவர் சிறுமியர் மன்றங்கள் இவை எல்லாவற்றுக்கும் மூத்தவை. பத்திரிகையில் அவற்றின் படம் வருவது அபூர்வம்.

சமுதாயக் காவல் என்ற எண்ணம் எப்படித் தடம் புரளும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. 1993ல் ராமநாதபுரத்தில் காவல் அதிகாரி பிரதீப் வி. பிலிப் தொடங்கிய 'ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் போலீஸ்' மாநிலம் முழுக்கப் பரவியது. நாளடைவில் பல இடங்களில் அந்த இளைஞர்கள் லத்தி பிடித்து வண்டி மறிக்கும் அரைப் போலீசாக மாறினார்கள். 2020ல் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் இறந்த பிறகு அரசு அந்த அமைப்பைத் தடை செய்தது. மக்களைக் காவலுக்கு நண்பராக்கக் கிளம்பிய திட்டம், கடைசியில் மக்கள் பயப்படும் இன்னொரு கூட்டத்தை உண்டாக்கிவிட்டுப் போனது.

இத்தனையிலும் என் மனதுக்குப் பிடித்தது காவல் கரங்கள். 2021ல் தொடங்கியது. சாலையோரம் அழுக்கு மூட்டையாகச் சுருண்டு கிடப்பவர், பெயர் சொல்லத் தெரியாமல் சென்ட்ரல் வாசலில் சுற்றும் முதியவர், யாருக்கும் புரியாத மொழியில் தனக்குத்தானே பேசிக்கொண்டு நடக்கும் வடமாநிலப் பெண், இவர்களைத் தொண்டு நிறுவனங்களோடு சேர்ந்து மீட்பது அதன் வேலை. குளிக்க வைத்து, முடி வெட்டி, உடுத்த வைத்து, தேவைப்பட்டால் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனைக்கோ காப்பகத்துக்கோ அனுப்புகிறார்கள். பேச்சில் வந்து விழும் ஒரு ஊர்ப் பெயரைப் பிடித்துக்கொண்டு, அந்த ஊர் நிலையத்துக்குப் போன் போட்டுக் குடும்பத்தைத் தேடுகிறார்கள். உரிமை கோர ஆளில்லாத உடல்களை மரியாதையோடு அடக்கம் செய்வதும் அவர்களே.

இதைக் கருணை என்று மட்டும் சொன்னால் போதாது. மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017ன் 100ஆவது பிரிவு இதை நிலைய அதிகாரியின் கடமையாகவே வைத்திருக்கிறது: தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாத நிலையில் அலையும் மனநோயாளியைப் பாதுகாப்பில் எடுத்து, 24 மணி நேரத்துக்குள் பொது மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும், நிலையக் கொட்டடியில் அடைக்கக் கூடாது. சட்டத்தில் இருந்த கடமைக்கு ஒரு வண்டியும் சில காவலர்களும் ஒரு தொலைபேசி எண்ணும் கிடைத்ததுதான் காவல் கரங்கள். புகார் கொடுக்க வாயற்றவர்களுக்கு, ரசீது கேட்கத் தெரியாதவர்களுக்கு வேலை செய்கிறது என்பதால் இதை மற்றவற்றுக்கு மேலே வைக்கிறேன்.

யார் செய்வது?

இந்த வேலைகளை எல்லாம் செய்ய ஆள் வேண்டும். நிலையத்துக்கு ஒதுக்கிய ஆட்களில் பலர் எந்த நாளிலும் ஓ.டி. என்னும் வேறு பணியில் இருப்பார்கள். வி.ஐ.பி. பந்தோபஸ்து, கோர்ட் டூட்டி, கிரிக்கெட் மேட்ச், கோயில் தேர். மிச்சமிருப்பவர் இரவு ரோந்து போய், பூட்டிய வீட்டு வாசலிலும் ஏ.டி.எம். வாசலிலும் தொங்கும் பட்டா புத்தகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து, காலையில் பள்ளிக்கூட வாசலில் போக்குவரத்தைப் பார்க்க வேண்டும். காவலர்களுக்கு வாரம் ஒருநாள் ஓய்வு என்று அரசு ஆணையிட்டதே 2021 நவம்பரில்தான். ஆணை வந்தது, ஓய்வு எல்லா வாரமும் வருகிறதா என்று தெரிந்த காவலர் யாரையாவது கேட்டுப் பாருங்கள், சிரிப்பார்.

இன்னொரு பக்கம், பயிற்சி பெற்ற காவலர்கள் அதிகாரிகள் வீட்டில் காய்கறி வாங்கவும் நாயைக் குளிப்பாட்டவும் நிற்கும் ஆர்டர்லி முறை. அதை 1979லேயே அரசாணை போட்டு ஒழித்துவிட்டார்கள். 2022ல் சென்னை உயர் நீதிமன்றம் அதை மறுபடியும் ஒழிக்கச் சொல்ல வேண்டி வந்தது. ஒழித்ததை ஒழிக்க நாற்பத்து மூன்று ஆண்டுகள்.

உரசும் இடம்

2017 ஜனவரி. ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் கூடிய இளைஞர்களோடு காவலர்கள் ஒரு வாரம் காட்டிய இணக்கத்தை இந்த நகரம் அதற்கு முன் பார்த்ததில்லை. பிள்ளைகள் போக்குவரத்தை ஒழுங்கு செய்தார்கள். காவலர்கள் அவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார்கள். 23ஆம் தேதி காலையில் லத்திகள் எழுந்தன. அன்று காக்கிச் சீருடையில் இருந்தவர்கள் வாகனங்களைக் கொளுத்தும் காட்சிகள் தொலைக்காட்சிகளில் ஓடின. 2022 ஏப்ரலில் தலைமைச் செயலகக் காலனி காவல் நிலையத்தில் 25 வயது இளைஞர் ஒருவர் காவலில் இறந்தார், சி.பி.சி.ஐ.டி. அதைக் கொலை வழக்காக்கிக் காவலர்களைக் கைது செய்தது. அதே ஆண்டு செப்டம்பரில்தான் சிற்பி தொடங்கியது. ஒரே துறையின் ஒரே ஆண்டு. அந்த நிலையத்துப் பகுதியிலிருந்து எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் சிற்பி வகுப்புக்கு வந்திருந்தால், அவன் கேட்டிருக்கக்கூடிய கேள்விக்கு எந்தப் பாடப்புத்தகத்திலும் பதில் இல்லை.

அதனால் காவல்துறைக்குப் புதிதாக எந்தப் பெயரும் நான் சிபாரிசு செய்யப்போவதில்லை. ரைட்டர் மேஜைக்கு எதிரே இன்னும் இரண்டு நாற்காலி போடட்டும். எதிர்க்கட்சிக்காரரானாலும் வீட்டு வேலை செய்யும் பெண்ணானாலும் வந்தவர் கையில் அரை மணிக்குள் ரசீது இருக்கட்டும். சமுதாயப் பணி என்ற சொல்லை அந்தப் பதிவேட்டுக்கு வைத்தவர் அதைத்தான் நினைத்திருப்பார்.

வாசகருக்கு ஒரு வார்த்தை. அவசரத்துக்கு 112. இணையத்தில் பணம் போனால் தாமதிக்காமல் 1930. பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098. நிலையத்துக்குப் போனால் புகாரின் நகல் ஒன்றை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். எஃப்.ஐ.ஆர். போட்டால் அதன் நகலை இலவசமாகத் தர வேண்டும் என்பது சட்டம். போட மறுத்தால் அதே 173ஆவது பிரிவின்படி புகாரை உயரதிகாரிக்குத் தபாலில் அனுப்பலாம், அதற்கும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். எதுவும் இல்லையென்றால், குறைந்தபட்சம் சி.எஸ்.ஆர். அதற்குக் காசு கிடையாது. வாங்காமல் அந்த பெஞ்சை விட்டு எழுந்திருக்காதீர்கள்.